திருப்பூட்டு நேரத்துப் படம் ஒன்றுகூட இல்லை

போன வைகாசியில் என் தங்கையின் கல்யாணம் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், நடந்தது. படம் எடுக்க 1,85,000 ரூபாய்க்குப் பேசி, முன்பணமாக ஒரு லட்சமும் கல்யாணத்தன்று ஐம்பதாயிரமும் கொடுத்தோம். காலை 6.10 முதல் 6.50 வரை, தாலி பூட்டும் சடங்கான திருப்பூட்டு நடந்த அந்த நாற்பது நிமிடங்களில் அவர்கள் எடுத்த படம் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. செட்டிநாட்டு வீட்டில் கல்யாணம் வைக்க நினைக்கிறவர்கள் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஆயிரம் பேரைக் கூட்டி, மண்டபத்தில் மேடை போட்டு, வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கல்யாணம் வேண்டாம் என்று தங்கை தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். ஐயாவின் (தாத்தாவின்) அப்பச்சி, அதாவது அப்பா, கட்டிய வீடு இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் இருக்கின்றன. தொண்ணூறு பேரை மட்டும் அழைப்போம், வந்தவர்கள் திண்ணையிலும் பட்டாலை என்கிற கூடத்திலும் உட்கார்ந்து பேசட்டும், பிள்ளைகள் முற்றத்தில் ஓடட்டும், அதைப் படம் எடுப்பவர் ஓரமாக நின்று எடுத்தால் போதும் என்றாள். வீடு ஐந்து பங்காளிகளுக்குப் பொது. ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதம் கேட்டு, பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து கூட்டி, தூண்களுக்கு எண்ணெய் தடவ எங்கள் அப்பச்சிக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

படக்காரரை இணையத்தில் பார்த்துப் பிடித்தேன். அந்தத் தவறு என்னுடையது. அவருடைய பக்கத்தில் வளவில் எடுத்த படங்கள் கண்ணைப் பறித்தன. முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் பெண்ணின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்திருந்த படத்தைப் பார்த்ததும் இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நேரில் வந்து பேசினார். இருபது செட்டிநாட்டு வீடுகளில் எடுத்திருப்பதாகச் சொன்னார். "நாங்கள் இருப்பதே தெரியாது, மேடம்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்து பல மாதம் கழித்து அந்தக் கன்னத்து வெளிச்சப் படத்தை எங்கள் உறவுக்கார ஆச்சி ஒருவரிடம் காட்டினேன். படத்தில் இருந்த பெண்ணுக்கு அவர் சொந்தச் சித்தி. கானாடுகாத்தானில் நடந்த அந்தக் கல்யாணத்தை எடுத்தவர் வேறொருவர் என்று பெயரோடு சொன்னார். அடுத்தவர் உழைப்பைத் தன் கடைவாசலில் மாட்டி வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்.

முகூர்த்தம் ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள். நாலரைக்கே வந்துவிடுவதாகச் சொன்னவர்கள் ஐந்து ஐம்பதுக்கு வந்தார்கள். வந்தவர்கள் மூன்று இளைஞர்கள். எங்களிடம் பேசிக் கையெழுத்துப் போட்டவர் வரவில்லை, அன்று அவருக்கு வேறு ஊரில் வேலையாம். மூவரும் இப்படி ஒரு வீட்டை அதற்கு முன் பார்த்ததில்லை என்பது முகப்பைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. முதலில் கேட்ட கேள்வி, "மேடை எங்கே, சார்?" அப்பச்சி பதில் சொல்லவில்லை.

செட்டிநாட்டு வளவில் படம் எடுப்பது எளிதான காரியம் இல்லை. நடுவே வானம் பார்த்த வாசல், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம். வாசலில் வெளிச்சம் கொட்டும், நாலடி உள்ளே தள்ளினால் இருட்டு. கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடும், கேமராவால் முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர், உட்காருகிறவர்களின் முகம் வாசலைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வார். விடிகாலையில் வெயில் நேராக இறங்காது, வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக வந்து முகத்தில் படியும். வேறு விளக்கே வேண்டாம். இவர்கள் மணமக்களின் முதுகு வாசலுக்கு வரும்படி திருப்பி உட்காரவைத்தார்கள். தூண்வரிசை பின்னால் தெரிய வேண்டுமாம். முகம் இருட்டிப்போனது. அதைச் சரிக்கட்ட நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தார்கள். கூரை உயரம், மேலே கறுத்த தேக்கு மரம். மண்டபத்து வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புகிற வித்தை இங்கே செல்லாது. எண்ணெய் தடவிய தூணிலும் பட்டாலைச் சுவரில் மாட்டிய பெல்ஜியம் கண்ணாடியிலும் பளபளக்கிற தரையிலும் ஃபிளாஷ் பட்டுத் தெறித்தது. வந்து சேர்ந்த படங்களில் பாதியில் தங்கைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பந்து தொங்குகிறது.

அது போதாதென்று ஆளுயர விளக்குகளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, வயரை நடைபாதையின் குறுக்கே இழுத்தார்கள். பெரிய ஆச்சி கால் தடுக்கி விழப் பார்த்தார், என் கொழுந்தன் தாங்கிப் பிடித்தார். ஒருவன் சுவரில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டி விளக்கு ஒன்றை மாட்டினான். சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது, தொட்டால் பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கும். மாலையில் டேப்பை உரித்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் கூடவே வந்துவிட்டது. அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து ஒட்டுப் போட்டோம். ஒட்டு ஒட்டாகத்தான் தெரிகிறது.

இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து இசைகுடிமானம் எழுதுவது எங்கள் கல்யாணத்தில் முக்கியமான சடங்கு. இன்ன ஊர், இன்ன கோயில், இன்னார் வீட்டுப் பிள்ளைக்கு இன்னார் வீட்டுப் பெண் என்று எழுதி மாற்றிக்கொள்வார்கள். அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த நேரத்தில் மூவரில் இருவர் தெருவில் நின்று ட்ரோன் விட்டுக்கொண்டிருந்தார்கள். ட்ரோன் வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அதை வளவு வாசலுக்குள் இறக்கப் பார்த்து, தாழ்வாரத்து ஓட்டு விளிம்பில் மோதி, இரண்டு நாட்டு ஓடுகள் முற்றத்தில் விழுந்து உடைந்தன. ஐந்து நிமிடம் முன்னால் அந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோன் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். எண்ணைக் கேட்டேன். காட்டவில்லை.

திருப்பூட்டு. மாப்பிள்ளை கழுத்துரு என்கிற தாலியைப் பூட்டிய நொடியில் ஒருவன் கையை உயர்த்தி, "சரியாக விழவில்லை, இன்னொரு முறை பூட்டுங்கள்" என்றான். நாயனம் வாசித்துக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் பெரியப்பச்சி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, தள்ளி நில்." மீண்டும் நாயனம் தொடங்கியது. தங்கையின் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

படங்களை 45 நாளில் தருவதாகப் பேச்சு. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. படக்காரர் ஐப்பசியில்தான் பேசினார். மீதி 35,000 ரூபாயோடு இன்னும் 40,000 கொடுத்தால்தான் எல்லாப் படங்களும், இல்லையென்றால் அவர் தேர்ந்தெடுத்த 312 மட்டும் என்றார். ஒப்பந்தத்தில் ஆயிரம் என்று எழுதியிருந்தது. எங்கள் முகத்தை வைத்துக்கொண்டு எங்களிடமே விலை பேசினார்.

அப்போதுதான் வழக்கறிஞரான என் தோழி ஒரு செய்தி சொன்னாள். காசு கொடுத்து ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் மாற்றாக ஒரு வரியும் இல்லை. ஆனால் பல நிறுவனங்கள் "உரிமை எங்களுடையது" என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிடுகின்றன. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கார்த்திகையில் வக்கீல் நோட்டீஸ் போனது. மார்கழியில் கூடுதல் பணம் எதுவும் இல்லாமல் ஹார்ட் டிஸ்க் வந்தது. திறந்து பார்த்தால் நான் முதலில் சொன்ன நாற்பது நிமிடம் இல்லை. கார்டு பழுதாகிவிட்டதாம். இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிகிற கேமராக்கள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. திரும்ப நடக்காத ஒரு காரியத்தை ஒரே கார்டில் எடுக்க எப்படித் துணிந்தார்கள்?

தை மாதம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம், நான் அங்கேதான் தொடங்கினேன். செய்தி, ரசீது, பேசிய தேதி எதையும் அழிக்காமல் வைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது.

யாரையாவது அமர்த்துவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பொறுக்கியெடுத்த பத்துப் படத்தைப் பார்க்காதீர்கள். இதே மாதிரி வீட்டில் எடுத்த ஒரு கல்யாணத்தை, விடிகாலையிலிருந்து பந்தி முடியும்வரை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளிவந்திருக்கும். முதல் நாள் அதே நேரத்துக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்துப் போகச் சொல்லுங்கள். வர மறுப்பவர் வேண்டாம். கேமராவைப் பிடிக்கப்போகிறவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சுவரில் எதையும் ஒட்டக் கூடாது, சடங்கை நிறுத்தக் கூடாது என்பதையும் எழுத வேண்டிய காலம் இது.

அந்த நாற்பது நிமிடத்துக்கு எங்களிடம் இருப்பது பதினோரு படங்கள். எல்லாம் அண்ணன் மகன் தன் போனில் எடுத்தவை. அவனுக்கு வயது பதின்மூன்று. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் தூணோரமாக உட்கார்ந்து, வாசல் வெளிச்சம் வரும் பக்கமிருந்து எடுத்திருக்கிறான். ஒன்றில் அப்பத்தா தங்கையின் கழுத்துருவைத் தொட்டுப் பார்க்கிறார். கொஞ்சம் ஆடியிருக்கிறது. பெரிதாக்கினால் சிதைகிறது. ஆனாலும் அதைத்தான் சட்டம் போட்டுப் பட்டாலையில், பூச்சு உரிந்த இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.

விட்டுப்போன வரிகளையெல்லாம் சேர்த்து ஒப்பந்தம் ஒன்றை நானும் தோழியும் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறோம். வருகிற வைகாசியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.