பழைய ஜீப்பின் பிரேக்: டிரம்மைச் சரிசெய்வதா, டிஸ்க்குக்கு மாறுவதா?

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் டிரம்மை விட்டு டிஸ்க்குக்கு மாறும் யோசனை வரும். எனக்கும் வந்தது. ஆனால் முதலில் பெடலைக் கவனியுங்கள். இரண்டு முறை மிதித்ததும் மேலே வந்தால் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கும்; அட்ஜஸ்ட் செய்தாலே போதும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போகிறதா? வெளியே கசிவு இல்லையென்றால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படலாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்தைத் திறந்து பாருங்கள், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, ஷூவின் மேலுள்ள லைனிங் நனைந்திருக்கலாம்.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 தர ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிதான்; கொதித்துக் குமிழி வந்தால் பிரேக் பிடிக்காது. இதெல்லாம் சரியானால் டிரம்மே நன்றாக நிற்கும்.

டிஸ்க் சூட்டையும் சேற்றுநீரையும் இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் மட்டும் மாட்டினால் ஆகாது. டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர் வேண்டும், பெரும்பாலும் மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரும் வேண்டும். முன், பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தையும் சமன்செய்ய வேண்டும்.

எப்போதாவது மலையேறும் என் வண்டிக்கு டிரம்தான். தினமும் எஸ்டேட் சுமையோடு இறங்குபவர் தயங்காமல் டிஸ்க் போடலாம்.