எக்ஸாஸ்ட் குழாய்களை இணைக்க எது சரி: வெல்டிங்கா, கிளாம்பா, ஃபிளாஞ்சா?

காரின் எக்ஸாஸ்டை மாற்றியமைக்கும்போது பணமும் கவனமும் பெரும்பாலும் சைலன்சருக்கும் குழாயின் விட்டத்துக்குமே போய்விடுகின்றன. குழாய்கள் சேரும் இடங்களைப் பற்றிய யோசனை வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகுதான் வருகிறது. அப்போது கையில் கிடைத்த கிளாம்பை மாட்டி முடுக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் எஞ்சினிலிருந்து வால்முனை வரை ஒரே நீளமாகப் பற்றவைத்துவிடுவார்கள். இரண்டுமே பின்னால் வேலை வைப்பவை. இந்த இடத்தை இனி எப்போதாவது கழற்ற வேண்டியிருக்குமா? இங்கே குழாய் அசையுமா? ஒவ்வொரு இணைப்புக்கும் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இணைப்பு எதையெல்லாம் தாங்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எஞ்சினை ஒட்டிய பகுதியில் புகையின் வெப்பம் கடும் ஓட்டத்தில் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வால்முனைக்கு வரும்போது வெகுவாகத் தணிந்துவிடும். சூடேறும் குழாய் நீளும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு மீட்டர் குழாய் 400 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 மில்லிமீட்டர் நீள்கிறது. சாதாரண இரும்பும் 409 வகை ஸ்டெயின்லெஸும் 5 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு ஓட்டத்திலும் நீண்டு, ஆறியதும் சுருங்கும் இந்த வேலை வண்டியின் ஆயுள் முழுக்க நடக்கிறது. இதனுடன் எஞ்சினின் அதிர்வும் சாலையின் குலுக்கலும் சேர்கின்றன.

கசிவை வெறும் சத்தப் பிரச்சினையாக நினைக்கக் கூடாது. புகை அலை அலையாக வெளியேறுகிறது. இரண்டு அலைகளுக்கு நடுவில் குழாய்க்குள் அழுத்தம் குறையும் கணங்களில் கசிவின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இப்படி நடந்தால், எரிபொருள் போதவில்லை என்று சென்சார் தவறாகக் காட்டும். எஞ்சினின் கணினி அதை நம்பித் தேவையில்லாமல் எரிபொருளைக் கூட்டும். பயணிகள் அறைக்கு அடியில் கசிந்தால் ஆபத்து வேறு வகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இனி போட்டியாளர்களுக்கு வருவோம். வெல்டிங்கைப் போலக் கசிவற்ற இணைப்பு வேறில்லை. எடை கூடுவதில்லை, உள்ளே புகையின் ஓட்டத்தைத் தடுக்கும் விளிம்பு இல்லை, தளர்ந்துபோக போல்ட்டும் இல்லை. ஆனால் எக்ஸாஸ்ட் குழாயின் சுவர் பொதுவாக 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர்தான் என்பதால் பிழைக்கு இடமே கிடையாது. இரண்டு முனைகளும் இடைவெளியின்றிப் பொருந்தும்படி நேராக அறுத்து, பிசிறு நீக்கிய பிறகே பற்றவைக்க வேண்டும். இடைவெளியை வெல்டிங் உலோகத்தால் நிரப்ப முயன்றால் குழாய் ஓட்டையாகிவிடும். முதலில் சுற்றிலும் நாலைந்து இடங்களில் டாக் (தற்காலிகச் சிறு வெல்டிங் புள்ளி) வைத்து, குழாயை வண்டியில் பொருத்திப் பார்த்து, கோணம் சரியென்று உறுதியான பின் முழுதாகப் பற்றவைப்பதே முறை.

இரும்புக்கும் 409 வகைக்கும், கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங் தாராளமாகப் போதும். 304 வகைக்கு, டங்ஸ்டன் முனையால் உருக்கும் டிக் வெல்டிங் சிறந்தது. ஆனால் குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயு நிரம்பியிருக்க வேண்டும். அதைத் தவிர்த்தால் வெளியே வெல்டிங் பளபளப்பாகத் தெரியும். உள்ளேயோ உலோகம் காற்றுடன் சேர்ந்து கரடுமுரடாகப் பொரிந்து கிடக்கும். பின்னாளில் விரிசல் விழுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். 304 குழாயை 304 குழாயோடு சேர்க்க 308எல் கம்பியும், ஸ்டெயின்லெஸை இரும்போடு சேர்க்க 309எல் கம்பியும் பொருந்தும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். வண்டியில் வைத்தே பற்றவைப்பதானால் பேட்டரியைத் துண்டியுங்கள். எரிபொருள் தொட்டியின் அருகே பற்றவைக்கவே வேண்டாம், குழாயைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய குழாயின் வெல்டிங் புகை காய்ச்சலை வரவழைக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகலாம்; அது உயிருக்கே ஆபத்து.

வெல்டிங்கின் ஒரே பெரிய குறை, அதைத் திறக்க முடியாது என்பதே. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நாளிலோ, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்ற வேண்டிய நாளிலோ முழு நீளக் குழாய் குறுக்கே நிற்கும். பின் அச்சுக்கு மேலே வளைந்து செல்லும் குழாயை அறுக்காமல் வெளியே எடுக்கவே முடியாத வண்டிகள் பல.

எதிர் முனையில் இருப்பது யூ போல்ட் கிளாம்ப். ஒரு குழாயை இன்னொன்றுக்குள் செருகி, வெளியே இதை மாட்டி முடுக்குவார்கள். மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அது பிடிப்பதே குழாய்களை நசுக்கித்தான். நசுங்கிய இடத்தில் புகைவழி குறுகுகிறது, இரண்டு குழாய்களும் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்கின்றன. பிறகு பிரிக்க வேண்டுமென்றால் கிரைண்டர்தான். கழற்றலாம் என்ற பெயர், கழற்ற முடியாத நடப்பு. வழியில் உடைந்துபோன குழாயை வீடுவரை கொண்டுசேர்க்கும் அவசரத்துக்கு அன்றி வேறெதற்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே செருகு இணைப்புக்கு அகலப் பட்டைக் கிளாம்ப் எவ்வளவோ மேல். அது குழாயைச் சுற்றிலும் சமமாக இறுக்குவதால் நசுங்கல் இல்லை. முழுதாக முடுக்கும்வரை குழாயைச் சுழற்றலாம், நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் சைலன்சரையும் வால்முனையையும் பம்பருக்கு நேராக நிறுத்த இதைவிட வசதியானது இல்லை. இரண்டு விஷயங்கள் முக்கியம். எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் குழாய் உள்ளே செல்ல வேண்டும், அடுத்தது அதன் மேல் ஏற வேண்டும்; அப்போதுதான் புகை இணைப்பின் வாயில் மோதாது. செருகல் ஆழம் 40 முதல் 50 மில்லிமீட்டர் இருக்கட்டும். வெளிக் குழாயில் வெட்டியிருக்கும் பிளவுகள் அதைத் தாண்டி நீண்டால் எந்தக் கிளாம்பும் கசிவை நிறுத்தாது. முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும் குழாய்களுக்கும் பட்டைக் கிளாம்ப் உண்டு; அதற்கு இரண்டின் வெளிவிட்டமும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

ஃபிளாஞ்ச் பழைய, நம்பகமான வழி. தடித்த தகடுகள் இரண்டு, நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட், போல்ட்டுகள். இரண்டு போல்ட் ஃபிளாஞ்ச் வெப்பத்தில் வில்லாக வளைந்து நடுவில் வாய் பிளக்கும் என்பதால் இடமிருந்தால் மூன்று போல்ட்டையே தேர்ந்தெடுங்கள். துளைகளின் திசை வெல்டிங்கின்போதே தீர்மானமாகிவிடுகிறது. சில டிகிரி தவறினாலும் சைலன்சர் சாய்ந்து நிற்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போட்டால் மரைகள் ஒன்றில் ஒன்று கடித்துச் சிக்கிக்கொள்ளும்; செம்பு பூசிய நட்டும் வெப்பம் தாங்கும் பசையும் அந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

வி பேண்ட் கிளாம்ப்தான் என் விருப்பத்துக்குரியது. குழாய் முனைகளில் பற்றவைத்த இரு வளையங்களின் சாய்ந்த விளிம்புகளை வி வடிவப் பட்டை ஒரே போல்ட்டின் இறுக்கத்தால் ஒன்றோடொன்று அழுத்துகிறது. வளையம் எந்தக் கோணத்திலும் சுழலும், ஃபிளாஞ்சை விடக் குறைந்த இடமே போதும், நல்ல வகையில் கேஸ்கட்டும் வேண்டாம். ஒரு வளையத்தின் உதடு மற்றதற்குள் அமரும் வகையை வாங்குங்கள். இரண்டும் தட்டையாக இருக்கும் வகை மையம் விலகிக் கசியக்கூடும். வெல்டிங்கின் சூடு வளையத்தைக் கோணலாக்கும் என்பதால், கிளாம்பைப் பூட்டிய நிலையிலேயே எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாகப் பற்றவைத்து, முழுதாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். விலை அதிகம்தான். அடிக்கடி கழற்றும் இடத்தில் அந்தச் செலவு வீண் இல்லை.

இவற்றில் எதுவும் அசைவைத் தாங்குவதற்கானது அல்ல. எஞ்சின் குறுக்காக அமர்ந்த கார்களில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் முன்பின்னாகச் சாய்கிறது. எக்ஸாஸ்டின் பின்பகுதியோ காரின் உடலில் தொங்குகிறது. நடுவே வளையும் பின்னல் குழாயோ, ஸ்பிரிங் போல்ட் கொண்ட உருண்டை இணைப்போ இருந்தே ஆக வேண்டும். மாற்றியமைக்கும்போது இதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பவர்கள் சில மாதங்களில் வெல்டிங்கையோ, எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டையோ விரிசலோடு பார்ப்பார்கள். எடையைத் தாங்குவதும் ரப்பர் தொங்கிகளின் வேலை. எந்த இணைப்பின் மேலும் அதைச் சுமத்தக் கூடாது.

ஆக, நான் அமைத்தால் எஞ்சினை ஒட்டி அசையும் பகுதி, கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் வி பேண்ட் அல்லது மூன்று போல்ட் ஃபிளாஞ்ச், நடுநீளத்தின் வளைவுகள் எல்லாம் வெல்டிங், பின் அச்சுக்கு முன்னால் ஒரு வி பேண்ட், சைலன்சருக்குப் பட்டைக் கிளாம்ப். வெல்டிங் வசதியே இல்லாதவர்கள் முழுவதையும் பட்டைக் கிளாம்ப்களால் முடிக்கலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேலை முடிந்ததும், எஞ்சின் ஆறியிருக்கும்போதே வால்முனை வழியே குழாய்க்குள் காற்றை ஊதி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவுங்கள்; குமிழி எழும் இடம் கசிகிறது. முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பின், குழாய் முழுதாக ஆறியதும், எல்லா கிளாம்ப்களையும் மறுபடி முடுக்க வேண்டும்.