பருவமழைக்கு முந்தைய வீட்டுப் பராமரிப்புச் சேவை: மடிப்பாக்கம் வாடகை வீட்டில் எங்கள் அனுபவம்

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஆகவே வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் மொட்டைமாடி, சுவர், மின் இணைப்பு, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றைச் செப்டம்பருக்குள் சரிபார்த்து முடிப்பது நல்லது. மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் பழைய மாடி வீட்டுக்கு இந்த வேலைகளை மொத்தமாக ஒரு சிறிய பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம்.

அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது, பூச்சு வாளியோடு வராமல் கேள்வியோடு வந்ததுதான். மாடியில் குடியிருப்பவரிடம் மேஸ்திரி முதலில் கேட்டது இது: "ஏம்மா, காத்தோட மழை பெஞ்சா மட்டும் கசியுதா, சும்மா பெஞ்சாலும் கசியுதா?" காற்றோடு பெய்தால் மட்டும்தான் என்று அவர் சொன்னதும், ஓதம் மொட்டைமாடியிலிருந்து இறங்கவில்லை, வெளிச்சுவர் வழியாக வருகிறது என்று மேஸ்திரி கணித்தார். அதை உறுதிசெய்ய மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, மொட்டைமாடியில் தண்ணீர் கட்டி, இரவு முழுவதும் விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் கூரையின் அடிப்பகுதி உலர்ந்தே இருந்தது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் ஓடிய மெல்லிய விரிசல்தான் காரணம். அதற்கு முன்பு வந்த ஓர் ஒப்பந்ததாரர், எதையும் சோதித்துப் பார்க்காமல் மொட்டைமாடி முழுவதும் வெள்ளைப் பூச்சு அடித்துப் பணம் வாங்கிச் சென்றிருந்தார். கசிவு அப்படியே தொடர்ந்தது.

விரிசலை அடைத்த விதமும் முறையாக இருந்தது. மேலோட்டமாகப் பூசாமல், உளியால் 'வி' வடிவில் வெட்டி, தூசியை முழுவதும் நீக்கி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைத்து, அது நன்றாக இறுகிக் காய்ந்த பிறகே மேற்பூச்சு கொடுத்தார்கள். மொட்டைமாடித் தட்டோடுகளின் இடுக்குகளில் பெயர்ந்திருந்த இடங்களை மட்டும் அடைத்துவிட்டு, இந்த ஆண்டு முழுப் பூச்சு தேவையில்லை என்று அவர்களாகவே சொன்னார்கள். வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் நிறுவனத்தைச் சென்னையில் காண்பது அரிது.

மின்சாரப் பகுதியிலும் அக்கறை தெரிந்தது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தியபோது அது துண்டிக்கவில்லை, உடனே மாற்றினார்கள். வெள்ளம் வந்தால் நனையும் உயரத்தில் இருந்த மோட்டார் ஸ்டார்ட்டரையும் மேலே ஏற்றிப் பொருத்தினார்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி கட்டுமானப் பழுதும் மின் வயரிங்கும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் குடியிருப்பவரின் பொறுப்பு. ரசீதையும் அப்படியே பிரித்துக் கொடுத்ததால், யார் எதற்குப் பணம் கொடுப்பது என்று குடியிருப்பவரோடு வாக்குவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று பெரியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி எங்களுடையது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தேங்கிய ஊர் இது. இங்கே கனமழையில் கழிவுநீர் எதிர்த்து ஏறித் தரைத்தளக் கழிவறை வழியாக வீட்டுக்குள் வருவதுதான் முதல் அச்சம். அதைத் தடுக்கும் ஒருவழி வால்வைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. நாங்கள் கேட்ட பிறகும், அது தங்கள் வேலையில் சேராது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வேறொரு பிளம்பரை வைத்துப் பொருத்த வேண்டியதாயிற்று. மழைநீர் சேகரிப்புக் குழியையும் மூடியைத் திறந்து பார்த்ததோடு சரி. உள்ளே படிந்திருந்த வண்டலை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டிருந்தால்தான் அந்தக் குழி நீரை உறிஞ்சும்.

இருந்தாலும், கசிவின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் திறமைக்காக அடுத்த ஆண்டும் இவர்களையே அழைப்பேன். கழிவுநீர் வால்வும் சேகரிப்புக் குழியும் வேலையில் சேருமா என்பதை மட்டும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வேன். அழைக்க நினைப்பவர்கள் ஆகஸ்டிலேயே பதிவு செய்யுங்கள்; மழை தொடங்கிவிட்டால் ஈரச் சுவரில் பெரும்பாலான பூச்சுகள் சரியாகப் பிடிக்காது.