துணியிலா, ஃபிலிமிலா? டீ-சேர்ட்டுக்காக மாற்றப்படும் இங்க்ஜெட் பிரிண்டர்

பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் கோயில் திருவிழாவுக்கும் இருபது முப்பது டீ-சேர்ட்டுகள் கேட்டு வருவோரை நம்பி ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சிறு அச்சகம் நடத்துபவருக்குத் தொழிற்சாலை இயந்திரம் எட்டாத விலை. எப்சன் பிரிண்டரொன்றை மாற்றியமைப்பதே கைக்கெட்டும் வழி. எப்சனின் அச்சுத்தலை, மின்னழுத்தம் பட்டால் வளையும் பீசோ படிகத்தின் விசையால் மையை உந்துகிறது. மையைக் கொதிக்கவைத்துக் குமிழியால் தள்ளும் தலைகளிலோ, பிசின் கலந்த துணி மை தீய்ந்து படிந்துவிடும்.

சூட்டில் ஆவியாகித் துணியினுள் ஊறும் மையைக் கொண்டு அச்சிடும் சப்ளிமேஷனுக்கு, மையை மாற்றினாலே போதும், பிரிண்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் அது வெளிர்நிறப் பாலியெஸ்டரில் மட்டுமே நிலைக்கும். கறுப்புப் பருத்திச் சேர்ட்டுக்கு, நேராகத் துணியில் அச்சிடும் டி.டி.ஜி., ஃபிலிமில் அச்சிட்டு ஒட்டும் டி.டி.எஃப். ஆகிய இரண்டே மிஞ்சுகின்றன.

டி.டி.ஜி. மாற்றத்தில் இயந்திர வேலையே தலைவலி. தாள் இழுக்கும் உருளைகளை அகற்றி, அதே மோட்டாரால் சேர்ட் விரித்த மேசையை நகர்த்த வேண்டும். பற்சக்கர விகிதம் சற்றே பிசகினாலும் படத்தில் குறுக்குக் கோடுகள் விழும். தாள் வந்துவிட்டதாக உணரியை ஏமாற்ற வேண்டும். கறுப்பின் மேல் நிறம் தெரிய முதலில் வெள்ளையையும் அதன்மேல் வண்ணத்தையும் இடுவதற்கு மேசை மயிரிழை பிசகாமல் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். தலையைத் தாழ்த்தினால் துணியின் நார் உரசி மை உமிழும் முனைகள் அடைபடும், உயர்த்தினால் துளிகள் சிதறி எழுத்து மங்கும். இத்தனைக்கும் மேலாக, கருந்துணியில் முன்னதாகத் தெளிக்கும் உப்புக் கரைசலை நன்றாக உலர்த்த வேண்டும். நுவரெலியாவின் மூடுபனியில் அது தானாக உலரும் என்று காத்திருப்பது வீண், ஹீட் பிரஸ்ஸில் அழுத்தித்தான் உலர்த்தியாக வேண்டும்.

டி.டி.எஃப்.பில் ஃபிலிம் ஏறக்குறையத் தாளின் பாதையிலேயே செல்வதால் மேசை, உயரம், உணரி பற்றிய தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. எல்1800 போன்ற ஆறு நிறப் பிரிண்டரில், வெளிர் சயனுக்கும் வெளிர் மெஜெண்டாவுக்கும் உரிய தடங்களில் வெள்ளையை நிரப்பி, எந்தத் தடத்தில் எவ்வளவு மை விழ வேண்டும் என்று கணிக்கும் ரிப் மென்பொருளால் இயக்குவார்கள். இங்கே ஈரப்பதமே எதிரி. அச்சிட்ட ஃபிலிமில் தூவி, சூட்டில் உருக்கிப் படத்தைச் சேர்ட்டில் ஒட்டவைக்கும் ஒட்டுத்தூள் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபடும், படமில்லாத இடத்திலும் அப்பிக்கொண்டு சேர்ட்டில் புள்ளிகளாக எஞ்சும். எனினும் தூளைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துவைப்பது, பற்சக்கரம் கடைவதைவிட எவருக்கும் எளிது. கழுத்தடியிலும் கையிலும் ஒட்ட முடிவது கூடுதல் வசதி. தொட்டால் மேலே ஒரு தோல் போர்த்தியது போலிருக்கும் என்பது குறைதான், டி.டி.ஜி.யின் மென்மை அதற்கு வராது.

வெள்ளை மையின் தொல்லை இரண்டுக்கும் பொது. அதிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடு நீரைவிட நான்கு மடங்கு அடர்த்தியானது, ஆடாமல் வைத்தால் அடியில் படிந்துவிடும். நாள்தோறும் குலுக்கி, முனைச் சோதனை அச்சிட வேண்டும். ஓடர் வராத வாரங்களிலும் இதற்கு விடுமுறை இல்லை. அச்சிடும்போது மின்சாரம் போனால் தலை மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நிற்கும், மை அங்கேயே காயத் தொடங்கும். ஆகவே மலையகத்து அச்சகத்துக்கு டி.டி.எஃப்.பையே சொல்வேன், அதுவும் பிரிண்டருக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கிய பிறகு.