எனிக்மா வைத்து ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்: சில வருட லேப் அனுபவம்

நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு ஜாவா எடுக்கிறேன். பேங்க் அக்கவுண்ட், நாய், பூனை உதாரணங்களை விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் செய்திகளை ரகசியக் குறியீடாக மாற்றப் பயன்படுத்திய எனிக்மா எந்திரத்தை ஜாவா புரோகிராமாக எழுதச் சொல்ல ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. இனி மாற்றுகிற எண்ணமில்லை.

முதல் காரணம், ஸ்டேட், அதாவது ஒவ்வொரு பொருளும் தன் அப்போதைய நிலையைத் தானே வைத்திருப்பது. ரோட்டர் என்பது எழுத்தை வேறு எழுத்தாக மாற்றும் சுழல் சக்கரம். ஒரே ரோட்டர் கிளாஸில் (பொதுவான அச்சு) இருந்து மூன்று ஆப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்த பொருள்கள்). ஒவ்வொன்றுக்கும் தனி வயரிங், தனி நிலை. முதல் மூன்று ரோட்டர்களை வரிசையாக மாட்டி, பி ரிஃப்ளெக்டரோடு (மின்சாரத்தை ரோட்டர்கள் வழியே திருப்பி அனுப்பும் பாகம்), எல்லாவற்றையும் ஏ-யில் நிறுத்தி, எழுத்துகளை ஜோடியாக மாற்றும் பிளக் எதுவும் போடாமல் ஏ-யை ஐந்து தடவை அடித்தால் பி, டி, இசட், ஜி, ஓ வரவேண்டும். விடை முன்பே தெரிவதால் 'சார், இது சரியா?' என்று யாரும் என்னிடம் வருவதில்லை. மழை பிடித்தால் கரண்ட் போவது எங்கள் பக்கம் சகஜம். அப்போது சார்ட் பேப்பரில் ரோட்டர் வெட்டிச் சுற்றிப் பார்ப்பார்கள். அது கம்ப்யூட்டரை விட நன்றாகவே புரியவைக்கிறது.

உண்மையான பாடம் இரட்டை நகர்வில்தான். வலது ரோட்டர் ஒரு சுற்று முடித்தால் அடுத்தது நகரும் என்று நினைத்து, பெரும்பாலானோர் ஒரு ரோட்டரே பக்கத்து ரோட்டரைத் தள்ளுவது போல எழுதிவிடுவார்கள். எனிக்மா அப்படியில்லை. நடு ரோட்டர் தன் வெட்டு (அடுத்த ரோட்டரை நகர்த்த வைக்கும் பள்ளம்) வந்த இடத்தில் நின்றால், அடுத்த விசைக்குத் தானும் நகர்ந்து இடது ரோட்டரையும் நகர்த்தும். இடமிருந்து வலமாக மூன்று ரோட்டர்களையும் ஏ-டி-யு-வில் வைத்துத் தொடங்கினால், ஒவ்வொரு விசைக்கும் ஏ-டி-வி, ஏ-இ-டபிள்யூ, பி-எஃப்-எக்ஸ். இங்கேதான் சண்டை தொடங்கும்: யார் முடிவெடுப்பது? 'நான் வெட்டில் நிற்கிறேனா' என்பதை மட்டும் ரோட்டர் சொல்லட்டும், நகர்த்துவதை எந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர்களாகவே வருவார்கள். யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை இதைவிட நன்றாக எந்த ஸ்லைடிலும் நான் காட்டியதில்லை.

அடுத்து நான்கு ரோட்டர் எம்4. 1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு வந்தது. அந்த நாலாவது ரோட்டர் செய்திக்கு நடுவே நகராது. முந்தின கட்டத்தை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இது சின்ன வேலை. மற்றவர்கள் பாதியைப் பிரித்துப்போடுவார்கள்.

ஒரு எழுத்து ஒருபோதும் தன்னையே தராது என்ற பலவீனத்தைச் சொன்னதும், கொளச்சல், தேங்காப்பட்டணம் பிள்ளைகள் மீனவர் எச்சரிக்கையைக் கையில் எடுப்பார்கள். 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்பது எப்படியும் இருக்கும். ஒரே இடத்தில் ஒரே எழுத்து மோதினால் அது அங்கே இருக்க முடியாது என்பதை வைத்து, அதை ரகசியச் செய்தியில் எங்கெங்கே பொருத்தவே முடியாது என்று தேடுவதில் சாயங்காலமே போய்விடும்.

குறை, இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு தாய் கிளாஸில் இருப்பதை அதன் கீழுள்ள கிளாஸ்கள் பெறுவது. ரிஃப்ளெக்டரையும் ரோட்டரையும் ஒரே தாய் கிளாஸின் கீழ் திணித்தால் சுற்றாத பொருளுக்கும் சுற்றும் மெத்தட் (செயல்) வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் அதற்கு வேறு பயிற்சி தருகிறேன். நெட்டில் முழு புரோகிராமும் கிடைக்கிறது என்பது இன்னொரு தலைவலி. அசல் வயரிங்கில் சரிபார்த்த பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் புது வயரிங் கொடுத்து, அதில் வேண்டுமென்றே ஒரு எழுத்தை இரண்டு தடவை வைத்துவிடுவேன். ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் சோதிக்காதவர்கள் அங்கேயே மாட்டுவார்கள்.