டிரிப் கிட் ரிவ்யூ: ட்யூப் ஓகே, வால்வ் வேஸ்ட், கூட வர்ற கார்டை நம்பாதீங்க

கடல் தண்ணி டேங்க்ல புதுசா விடுற உயிருங்களை, வந்த பை தண்ணியோட ஒரு டப்பால வச்சு, டேங்க் தண்ணியை சொட்டு சொட்டா விட்டுப் பழக்குறதுக்குத்தான் இந்த டிரிப் கிட். வாங்கி மூணு மாசம் ஆச்சு, இதுவரை ரெண்டு கிளீனர் ஷ்ரிம்ப், ஆறு ட்ரோக்கஸ் நத்தை, நாலு ஹெர்மிட் நண்டு எல்லாம் இதுல பழக்கித்தான் விட்டேன், அதனால இப்ப தைரியமா எழுதுறேன். பாக்ஸுல சிலிக்கான் ட்யூப், டேங்க் விளிம்புல மாட்டுற கொக்கி, ஒரு குட்டி வால்வ், மூணு லிட்டர் டப்பா, அவ்ளோதான்.

ட்யூப் மடங்கல, கொக்கியும் கெட்டியா நிக்குது. வால்வ்தான் தலைவலி. செகண்டுக்கு ரெண்டு மூணு சொட்டுன்னு வச்சுட்டு அந்தப் பக்கம் போயிட்டு வந்தா ஒண்ணு நின்னு போயிருக்கும் இல்லன்னா குழாய் மாதிரி ஊத்திட்டிருக்கும். முதல் தடவையே டப்பா ரொம்பி வழிஞ்சு, ஷ்ரிம்ப் விளிம்புல மீசையை ஆட்டிட்டு நிக்குது, நான் துணியைத் தேடி ஓடுறேன். அப்புறம் வால்வைக் கழட்டி எறிஞ்சுட்டு ட்யூப்லயே லூசா ஒரு முடிச்சு போட்டேன், இப்ப அழகா சொட்டுது.

பெரிய குறை, உப்பு அளக்க எதுவுமே தரல. மீனாவது சமாளிச்சுக்கும், ஷ்ரிம்புக்கும் நத்தைக்கும் உடம்புக்குள்ள இருக்குற உப்பு வெளித்தண்ணியோடயேதான் ஏறும் இறங்கும், அதனால சட்டுனு மாத்துனா தாங்காது. எனக்கு வந்த பை தண்ணியோட அடர்த்தி (நல்ல தண்ணி 1.000, உப்பு கூடக் கூட இது ஏறும்) 1.020, என் டேங்க் 1.026. டப்பா தண்ணி ரெண்டு மடங்கானா 1.023, பாதியை கொட்டிட்டு திரும்ப ரெண்டு மடங்கானா 1.0245, மூணாவது ரவுண்டுலதான் 1.025ஐ தாண்டும். இது உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாம எப்படிங்க தெரியும்? அதையும் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசல் வச்சு செட் பண்ணுங்க, வெறும் ஆர்ஓ தண்ணில செட் பண்ணா கடல் உப்பு ரேஞ்சுல தப்பா காட்ட சான்ஸ் இருக்கு.

கார்டுல எல்லாத்துக்கும் ரெண்டு மணி நேரம் டிரிப்னு போட்டிருக்கான். பக்கத்து கடைல வாங்கி அரை மணில வீட்டுக்கு வந்தா சரி. ராத்திரி முழுக்க பார்சல்ல வந்த பைக்கு அது ஆபத்து, ஏன்னா உள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) இறங்கி இருக்குறதால கழிவுல வர்ற அமோனியா அடங்கிக் கிடக்கும், பையைத் திறந்ததும் பிஎச் ஏறி அதே அமோனியா விஷமாயிடும், நாம அதுக்குள்ளயே ரெண்டு மணி நேரம் ஊற வச்சிருப்போம். பார்சல்னா நான் முன்னாடியே விக்கிறவர்கிட்ட உப்பு அளவு கேட்டு குவாரன்டைன் டேங்கை (புதுசா வந்ததைத் தனியா வைக்கிற டேங்க்) அதே அளவுல வச்சிடுறேன், பையை மிதக்க விட்டு சூடு சமமானதும் உடனே மாத்திட்டு உப்பை நாலஞ்சு நாள்ல மெதுவா ஏத்துறேன். இதுக்கு இந்த கிட் தேவையே இல்ல பாருங்க.

அப்புறம் "பழக்கியதும் மெயின் டேங்கில் விடலாம்"னு ஒரு வரி. மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளி நோய் நத்தையைப் பிடிக்காதுதான், ஆனா அதோட முட்டை மாதிரி கூடு ஓட்டுல ஒட்டிக்கிட்டு வரும், அதனால மீன் கிடைக்காம அது சாகட்டும்னு மீனே இல்லாத தனி டேங்க்ல 76 நாள் வைக்கிறேன். காப்பர் மருந்து ஊத்துன டேங்க் மட்டும் வேண்டவே வேண்டாம், எல்லாம் செத்துடும். இந்த தடவை ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா ட்ரோக்கஸ் ஓட்டு ஓரத்துல அரிசிக் குருணை மாதிரி வெள்ளையா மூணு, ரத்தம் உறிஞ்சுற பிரமிட் நத்தை! பழைய டூத் பிரஷ்ல தேச்சு எடுத்தேன்.

ட்யூப்புக்கும் கொக்கிக்கும் சேர்த்து அஞ்சுக்கு ரெண்டரை. ஏர் பம்ப் ட்யூப் வீட்ல கிடந்தா முடிச்சு போட்டுக்கோங்க, காசை ரிஃப்ராக்டோமீட்டருக்கு வைங்க.