கம்பெனி சைலன்சரா, ஸ்லிப் ஆனா? இரண்டையும் மாட்டி ஓட்டியவன் கணக்கு

என் வண்டியில் இப்போது இருப்பது கம்பெனி சைலன்சர். அட்டைப்பெட்டிக்குள் எடுத்து வைத்திருப்பது ஸ்லிப் ஆன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு இது அப்படியே தலைகீழாக இருந்தது. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதப் போகிறேன் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் திரும்பி வந்த காரணம், வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றல்ல. சத்தமும் இல்லை, போலீஸும் இல்லை. உள்ளே இருந்த பஞ்சு.

முதலில், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துவிடலாம். ஸ்லிப் ஆன் என்றால் என்ஜினிலிருந்து இறங்கும் பெண்ட் பைப்பைத் தொடாமல், பின்னால் இருக்கும் டப்பாவை மட்டும் மாற்றுவது. ஃபுல் சிஸ்டம் என்றால் என்ஜின் வாயிலிருந்து வால் வரை எல்லாமே புதுசு. என் வண்டி ஒற்றை சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். நான் மாட்டியது ஸ்லிப் ஆன். ஃபுல் சிஸ்டம் போட்ட வண்டியை நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு மதியம் ஓட்டியதோடு சரி. அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

அழகு, எடை இரண்டிலும் ஸ்லிப் ஆனுக்கே வெற்றி, அதில் விவாதிக்க ஏதும் இல்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். கம்பெனி டப்பா 4.8 கிலோ, ஸ்லிப் ஆன் 2.3 கிலோ. வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பெட்ரோலின் எடை. டேங்க் காலியாகிக்கொண்டே வரும்போது நான் இதுவரை எந்த மாற்றத்தையும் உணர்ந்ததில்லை என்பதால், இதையும் உணரவில்லை.

சரி, பிக்கப். இதற்குத்தான் பாதிப் பேர் மாற்றுகிறார்கள். ஒரு கோஷ்டி, ‘கம்பெனி சைலன்சர் என்ஜினின் மூச்சை அடைக்கிறது, திறந்துவிட்டால் பறக்கும்’ என்கிறது. இன்னொரு கோஷ்டி, ‘பேக் பிரஷர் இல்லாவிட்டால் என்ஜின் கெட்டுவிடும்’ என்கிறது. இரண்டுமே முழு உண்மை இல்லை. பேக் பிரஷரை, அதாவது வெளியேறும் புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தத்தை, எந்த என்ஜினும் விரும்பாது. ஆனால் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடிப்போய், குழாய் விரியும் இடத்தில் மோதி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. அது வால்வு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போய் என்ஜினுக்கு உதவும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும். ஸ்லிப் ஆன் அதைத் தொடுவதே இல்லை. என் வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிக் கன்வெர்ட்டரும் பெண்ட் பைப்புக்குள்தான் இருக்கிறது. அதாவது, காற்றோட்டத்தை உண்மையிலேயே தடுக்கும் சாமான் இருந்த இடத்திலேயே இருக்க, நான் அதற்கு அடுத்த அறையின் கதவை மட்டும் அகலமாக்கினேன்.

முதல் வாரம் வண்டி வேறு மாதிரி இழுக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். நான் அடிக்கடி ஏறும் ஒரு மேட்டுச் சாலை உண்டு. நான்காவது கியரில் தொடங்கினால் பாதியில் மூச்சு வாங்கும், மூன்றுக்கு இறக்கியே ஆக வேண்டும். ஸ்லிப் ஆன் போட்ட பிறகும் அதே இடத்தில், அதே கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், மூன்றுக்கு இறக்கினேன். காது சொன்னதை முதுகு நம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார், டப்பாவுக்கு முன்னாலேயே இருப்பதால், ஸ்லிப் ஆன் போட்டதற்காக மேப்பை, அதாவது பெட்ரோல் அளவு அட்டவணையை, மாற்ற வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. நிதானமாக ஓட்டும்போது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கை அந்த சென்சாரைப் பார்த்துப் பார்த்து என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு சரிசெய்துகொள்கிறது. முழுசாக முறுக்கும்போது மட்டும் அது சென்சாரை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் எழுதி வைத்திருக்கும் அட்டவணைப்படி பெட்ரோலை ஊற்றும். ஃபுல் சிஸ்டம் போட்டு கன்வெர்ட்டரையும் தூக்கிவிட்டால் அந்த அட்டவணையே பொய்யாகிவிடும். அப்போது புது மேப், சக்தியை அளந்து பார்க்க டைனோ மெஷின் என்று செலவு வரிசை கட்டி நிற்கும். நண்பரின் வண்டி உண்மையாகவே நன்றாக இழுத்தது. அவர் பெண்ட் பைப், ஏர் ஃபில்டர், மேப் மூன்றையும் சேர்த்தே மாற்றியிருந்தார் என்பதால், எதற்கு எவ்வளவு புண்ணியம் என்று ஒரு மதியத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சத்தம் பற்றிச் சுருக்கமாக. டெசிபல் கணக்கு ஏமாற்றும். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். ‘சத்தம் இருந்தால்தான் மற்ற வண்டிக்காரன் ஒதுங்குவான்’ என்ற வாதத்தை நானும் சில மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சைலன்சரின் வாய் பின்னால் பார்க்கிறது. எனக்கு ஆபத்து பெரும்பாலும் முன்னால் இருந்துதான் வருகிறது. சத்தத்தை முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் பின்னால் வருகிறவர்.

இனி பஞ்சுக்கு வருகிறேன்.

கம்பெனி சைலன்சரை அறுத்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இரும்புத் தடுப்புகளும் அறைகளும்தான். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குக் குழாய்கள் முன்னும் பின்னுமாகப் போகும். ஒலி அலைகள் அந்த அறைகளில் மோதித் திரும்பி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்குகின்றன. கனமாக இருப்பதற்கும் அந்த இரும்புதான் காரணம். ஆனால் தேய்வதற்கு அதற்குள் எதுவும் இல்லை. 40,000 கிலோமீட்டரிலும் முதல் நாள் குரலே இருக்கும்.

ஸ்லிப் ஆன் வேலை செய்யும் விதமே வேறு. நடுவில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த ஒரு நேர் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் ஓடு. ஒலி ஓட்டைகள் வழியே பஞ்சுக்குள் நுழைந்து, இழைகளுக்கிடையே உரசி உரசிச் சூடாக மாறிச் செத்துப்போகிறது. அதாவது சத்தத்தைக் குறைப்பது டப்பா இல்லை, பஞ்சு. அந்தப் பஞ்சின் மேல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சூடான அடிகள் விழுகின்றன. இழைகள் நொறுங்கித் தூளாகி, அதே ஓட்டைகள் வழியே வெளியே பறக்கின்றன. நாம் கண்ணாடியில் பார்க்கவே மாட்டோம், கொஞ்சம் கொஞ்சமாக நமக்குப் பின்னால் சாலையில் விட்டுக்கொண்டே போகிறோம்.

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் இல்லை. இருசக்கர வண்டிச் சத்தத்துக்கான ஐ.நா. விதி எண் 41, இப்படி நார்ப் பஞ்சு திணித்த சைலன்சர்களுக்கென்றே தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியோ, அதற்கு ஈடான வேறு முறையில் பழக்கியோ அளக்க வேண்டும். புதுசாக இருக்கும்போது அளந்தால் அது உண்மைச் சத்தம் இல்லை என்பது விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. வாங்கும்போது எனக்குத் தெரியவில்லை.

என்னுடையதில் 9,000 கிலோமீட்டர் வாக்கில் குரல் மாறியது. முதலில் அடர்த்தியாக, அடித்தொண்டையிலிருந்து வந்த பீட், தகரத்தைத் தட்டுவது போலக் கரகரத்தது. ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடிப்பு. அதற்குக் காரணம் பஞ்சு இல்லை, இணைப்பில் கேஸ்கட் தளர்ந்து காற்று உள்ளே போனதுதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து வந்ததால் நான் குழம்பிப்போனேன். ஓட்டின் மேல் இருந்த ஸ்டிக்கர் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகச் சுருண்டிருந்தது. அந்த இடத்தில் சூட்டைத் தடுக்க உள்ளே எதுவும் மிச்சம் இல்லை என்று அர்த்தம்.

பஞ்சு மாற்றுவது ஒரு மணி நேர வேலை என்றார்கள். பின்மூடியைச் சுற்றிப் பத்து ரிவிட். டிரில் வைத்தால் ரிவிட் அறுபடுவதற்குப் பதிலாகப் பிட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றியது. தட்டை ஸ்க்ரூ டிரைவரை ரிவிட் தலைக்கடியில் நெம்பிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அறுத்தேன், மூன்றாவதிலேயே ஓட்டில் ஒரு கீறல். மூடியை சிலிக்கான் பசை பிடித்திருந்தது. ரப்பர் சுத்தியலால் கால் மணி நேரம் தட்டிய பிறகுதான் அசைந்தது. உள்ளே, என்ஜின் பக்கம் இருந்த பாதியில் வெறும் குழாய். வால் பக்கம் எல்லாம் சேர்ந்து கருகி, ஈரக் கரியோடு கட்டியாகக் கிடந்தது.

முழுக்கைச் சட்டை போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மாஸ்க்கும் வேண்டும். நான் கையுறை மட்டும் போட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இரண்டு நாள் அரித்தது, கண்ணுக்குத் தெரியாத முள்.

புதுப் பஞ்சை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் சூட்சுமம். ரொம்ப இறுக்கினால் இழைகளுக்கு நடுவே இடமில்லாமல் ஒலி அடங்காது. தளர்வாக விட்டால் புகை அதைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மூலையில் குவித்துவிடும். நான் தளர்வாக விட்டுவிட்டேன் போல. இரண்டாவது முறை 5,500 கிலோமீட்டரிலேயே கரகரப்பு திரும்பி வந்தது. என் கைப்பழக்கம் பாதிக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். துண்டு இழைகளுக்குப் பதில் நீள இழைப் பஞ்சு வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும். நான்கு சிலிண்டர் வண்டிகளில் அடி சிறிது சிறிதாகப் பிரிந்து விழுவதால் பஞ்சு அதிக நாள் இருக்க வேண்டும், ஆனால் அதை நான் செய்து பார்த்ததில்லை.

மூன்றாவது முறை டிரில்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆயில் மாற்றுகிறேன், செயினுக்குக் கிரீஸ் அடிக்கிறேன், அதெல்லாம் வண்டி ஓட. இது, வண்டி முன்பு இருந்த அளவுக்கு அமைதியாக இருப்பதற்காக மட்டும். கம்பெனி சைலன்சர் அதைச் சும்மா செய்துகொண்டிருந்தது. டிரில்லை வைத்துவிட்டுப் பழைய டப்பாவைத் துடைத்தேன்.

கம்பெனி டப்பாவும் உத்தமன் இல்லை. அதன் எமன் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. பக்கத்துத் தெருவரை போய் அணைத்துவிடுகிற வண்டியில் டப்பா சூடேறாமல், அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். இரும்பு உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். டப்பாவின் அடியில் பொடி ஓட்டை ஒன்று இருக்கும். ‘லீக்’ என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். திரும்ப மாட்டும் முன் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். எங்கும் மொத்தென்று கேட்கவில்லை. கேஸ்கட் மட்டும் புதுசு போட்டேன், ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது.

அப்படி மொத்தென்று கேட்டிருந்தால் என் கணக்கு மாறியிருக்கும். அரித்துப்போன கம்பெனி டப்பாவுக்குப் பதில் அதே கம்பெனி டப்பாவைப் புதிதாக வாங்குவதும் சில்லறைச் செலவு இல்லை. அந்த நிலையில் ஸ்லிப் ஆன் நியாயமான தேர்வு. வாங்குகிறவர்கள் பீட்டைக் கேட்கும் முன் பின்மூடியைப் பாருங்கள். ரிவிட்டா, போல்ட்டா? போல்ட் என்றால் என் கதையில் பாதி உங்களுக்கு இல்லை. அளவெடுத்த மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சத்தச் சோதனை தேறிய முத்திரை ஓட்டில் பொறித்திருக்கிறதா, சத்தத்தைக் குறைக்க வாயில் செருகும் டிபி கில்லரைக் கழற்றாமல் இருந்தால்தான் அது செல்லுமா என்பதையும்.

எந்தப் பக்கம் போனாலும் பழைய டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டியை விற்கும்போது, பார்க்க வருகிறவர் பீட்டை ரசித்துவிட்டு அடுத்துக் கேட்பது ‘ஒரிஜினல் இருக்கிறதா?’ என்பதைத்தான். பழைய வண்டியை விற்றபோது எனக்கு அதுதான் நடந்தது.

ஸ்லிப் ஆனை இன்னும் விற்கவில்லை. வாங்கிய பஞ்சுச் சுருளில் பாதி அதே பெட்டியில் இருக்கிறது. யாராவது கேட்டு வந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன், அந்தக் கீறலையும் காட்டிவிட்டு.